மூன்று கிலோ கருணை

"எனக்குப் போதும்ப்பா. இதையும் நீங்களே சாப்பிடுங்க" என்று சொல்லி, மகள் தன் தட்டிலிருந்த அவித்த முட்டையை அப்பாவின் தட்டுக்கு மாற்றினாள்.

முந்தாநாள் அரை ரொட்டி. நேற்று முழு ரொட்டி. இன்று முட்டை. இந்த வேகத்தில் போனால் வெள்ளிக்கிழமைக்குள் பெண் காற்றைக் குடித்தே வாழத் தொடங்கிவிடுவாள் என்று அப்பா மனசுக்குள் கணக்குப் போட்டார்.

அளந்து பார்ப்பது அவருக்குத் தொழில். எடை முத்திரை அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடமாக ஆய்வாளர். நகைக்கடையின் பூச்சி அளவு தராசிலிருந்து லாரி ஏறி நிற்கும் எடைமேடை வரைக்கும் அவர் சரிபார்த்து முத்திரை குத்தினால்தான் அது தராசு. இல்லாவிட்டால் வெறும் இரும்பு. ஒரு கிராம் பிசகினாலும் விடமாட்டார். கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயரே 'தராசு'. மகள் பிறந்தவுடன் நர்ஸ் வந்து குழந்தையின் எடையைச் சொன்னபோது, "அந்தத் தராசை யார் கடைசியா சரிபார்த்தது?" என்று கேட்டு, பிரசவ வார்டிலிருந்து இரண்டு காவலர்களால் வெளியே கொண்டுபோய் விடப்பட்டவர்.

தொழிலில் ஒரு முறை உண்டு. ஆய்வாளர் முள்ளைப் பார்த்து எண்ணை உரக்கப் படிப்பார். உதவியாளர் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்வார். இருபத்தெட்டு வருடத்தில் அது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. பழக்கடையில் யாரோ வாங்கும் ஆப்பிளின் எடையைப் படிப்பார். தபால் நிலையத்தில் அடுத்தவர் பார்சலைப் படிப்பார். காலையில் குளியலறையில் எடை மெஷின் மேல் ஏறினார் என்றால், "எழுபத்தாறு, நானூறு" என்ற அறிவிப்பு தெருமுனை வரைக்கும் கேட்கும். எழுதிக்கொள்ளத்தான் ஆள் கிடையாது.

தினமும் ஏன் ஏறினார் என்றால், அதற்கு ஒரு புகைப்படம் காரணம். இரண்டு மாதத்துக்கு முன் அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். தராசு இரண்டாவது வரிசையில்தான் நின்றார். அவருடைய வயிறு மட்டும் முதல் வரிசையில் வந்திருந்தது. "தராசு சாருக்கு ரெண்டு நாற்காலி போட்டிருக்கணும்" என்று மேலாளர் சொல்ல, அலுவலகமே சிரித்தது. தராசும் சிரித்தார். வீட்டுக்கு வந்து தன் பிரதியை எடுத்து, தன்னை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தார். அன்றைக்குப் பிறகு காலையில் வெந்நீர், மதியம் வெள்ளரிக்காய். இரவுச் சாப்பாட்டில் ஒரு வாய் இரண்டு வாய்.

இதை யாரும் டயட் என்று நினைத்துவிடக் கூடாது. டயட் என்பது சின்னப் பசங்க செய்கிற பைத்தியக்காரத்தனம். ஐம்பத்திரண்டு வயது மனிதர் சாப்பிடாமல் இருந்தால் அதற்குப் பெயர் ஒழுக்கம்.

ஆகவே, ஒழுக்கமான அந்த மனிதர் முட்டையைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, பைத்தியக்காரத்தனத்தில் விழுந்துவிட்ட மகளைக் கவலையோடு பார்த்தார். பெண்ணுக்குப் பதினைந்து வயது. பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் இரும்புக் குண்டு எறிகிறவள். அன்று சாயங்காலம்தான் காஸ் சிலிண்டரை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்திருந்தாள். இன்னொரு கையில் போன் பேசிக்கொண்டிருந்தாள். எப்படி இருந்தவள் இப்படி உருகிவிட்டாளே என்று தராசு அங்கலாய்த்தார்.

மறுநாள் அலுவலகத்தில், செய்தித்தாள் இணைப்பில் வந்த கட்டுரையை அவர் மூன்று தடவை படித்தார். 'உங்கள் பிள்ளை சாப்பிடுகிறாளா? பெற்றோர் கவனிக்க வேண்டிய பத்து அறிகுறிகள்.' சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக டிக் அடித்தார்.

கண்ணாடி முன்னால் நெடுநேரம் நிற்பது. டிக். காலையில் இருபது நிமிஷம் நிற்கிறாள். தன் முறை வருவதற்காகக் கதவுக்கு வெளியே காத்திருப்பவர் என்பதால் அவருக்கு நிமிஷக் கணக்கே தெரியும்.

தொளதொளப்பான உடைகளை அணிவது. டிக். அப்பாவின் சட்டைகளையே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். அவைதான் இப்போதெல்லாம் அவருக்கே தொளதொளவென்று ஆகிவிட்டனவே.

சாப்பாட்டைத் தட்டிலிருந்து ஒதுக்குவது. டிக், டிக்.

கட்டுரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தபோது அலுவலகப் படிக்கட்டு லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. பழைய கட்டடம். தராசு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அது நிமிரும்வரை பொறுமையாக நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் அழுக்குக் கூடையை நகர்த்தும்போது அதற்குப் பின்னால் அந்த நோட்டு கிடைத்தது. மகளின் கையெழுத்து. பக்கம் பக்கமாகத் தேதி. தேதிக்கு எதிரே கழித்தல் குறி போட்டு ஓர் எண். இருநூறு கிராம், நூற்றைம்பது, முந்நூறு. ஒரே வாரத்தில் எண்ணூறு கிராம் குறைந்திருந்தது. அவருக்கே அந்த வாரம் அவ்வளவுதான் குறைந்திருந்தது. ஒரு கணம் பொறாமைகூட வந்தது. அப்புறம்தான் தான் ஒரு தகப்பன் என்ற நினைவு வந்து, அழுகை வந்தது.

மனைவியைச் சமையலறை மூலைக்கு அழைத்துப்போய்க் கிசுகிசுத்தார். "இங்க பாரு, பொண்ணு எடை குறைக்கிறா."

"யாரு, இவளா? பிஸ்கட் டப்பா ரெண்டு நாளைக்கு ஒரு தடவை காலியாகுதுங்க."

"எலியா இருக்கும்."

"எலி டப்பாவைத் திறந்து தின்னுட்டு, திரும்ப மூடி வைக்குமா?"

"நீ விளையாட்டா எடுத்துக்கற. நான் பாத்துக்கறேன்" என்றார் தராசு.

பார்த்துக்கொள்ள அவருக்குத் தெரிந்தது ஒரே தொழில். எடையைக் கண்டு பயப்படுகிற பெண்ணுக்கு, குறைந்த எடையைக் காட்டினால் மனசு நிறையும். மனசு நிறைந்தால் சாப்பிடுவாள். அடுத்த நாள் வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு எடை மெஷினைக் கவிழ்த்துப் போட்டார். கத்துக்குட்டியாக இருந்தால் முள்ளை மட்டும் நகர்த்தியிருப்பான். ஆள் ஏறாதபோதும் முள் பூஜ்யத்துக்குக் கீழே நின்று காட்டிக்கொடுத்திருக்கும். இவர் உள்ளே இருக்கும் நெம்புகோலின் திருகையே முடுக்கினார். காலியாக இருந்தால் பூஜ்யம். ஆள் ஏறினால் மூன்று கிலோ குறைவு. எத்தனையோ கடைக்காரர்களை எந்த வேலைக்காக அபராதம் கட்ட வைத்தாரோ, அதே வேலையை அவர்களைவிடச் சுத்தமாகச் செய்து முடித்தார். கண்ணில் நீர் நின்றது. பாசம் என்றால் சும்மாவா.

மறுநாள் காலை பழக்க தோஷத்தில் அவரே முதலில் ஏறினார். "எழுபத்திரண்டு, அறுநூறு" என்று உரக்கப் படித்தார். தானே திருகிய மெஷின் என்று தெரிந்தும் அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இறங்கி இன்னொரு தடவை ஏறி, இன்னும் உரக்கப் படித்தார்.

அடுத்துப் போன மனைவி குளியலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"என்னங்க, மூணு கிலோ குறைஞ்சிருக்கேன்."

"அப்படியா" என்றார் தராசு, பேப்பருக்குப் பின்னால் மறைந்துகொண்டு.

"எல்லாம் அந்தப் பச்சைப் பாய்தான்."

உடற்பயிற்சிக்கென்று போன மாதம் அவள் ஒரு பச்சைப் பாய் வாங்கியது உண்மை. வாங்கி, சுருட்டி, கட்டிலுக்கு அடியில் வைத்தாள். அதோடு சரி. ஆனாலும் அன்று மதியத்துக்குள் தங்கைக்குப் போன் போட்டு, பக்கத்து வீட்டுக்காரியை வரவழைத்து, பாயின் மகிமையை ஒரு மணி நேரம் எடுத்துச் சொல்லி, கொண்டாட்டமாக ஒரு பெரிய கேக்கும் செய்துவிட்டாள்.

இரவு கேக் மேஜைக்கு வந்தது. தராசு ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார். மகள் அவரைவிடக் கவலையாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பங்கு கேக்கை அப்படியே தூக்கி அவர் தட்டில் வைத்தாள். ரொட்டியையும் வைத்தாள். அதன் மேல் அரை விரல் கனத்துக்கு வெண்ணெய் தடவினாள்.

"அப்பா, இந்த ஒரு துண்டு மட்டும். எனக்காக."

"உனக்கும்மா?"

"எனக்கு வேண்டாம். நீங்க சாப்பிட்டாப் போதும்."

தராசு வெலவெலத்துப் போனார். குறைவான எண்ணைப் பார்த்ததும் பெண்ணுக்கு வெறி ஏறிவிட்டது. சாப்பாடு முடிந்ததும் நைசாகப் போய் நோட்டைப் புரட்டினார். அன்றைய தேதிக்கு எதிரே மூன்று கிலோவுக்கு மேல் குறைந்ததாக எழுதி, சிவப்பு மையில் மூன்று வட்டம் போட்டிருந்தது. பேனா அழுத்தத்தில் தாளே கிழிந்திருந்தது. இதுதான் ஆனந்தத்தின் உச்சம் என்று அவருக்குப் புரிந்தது.

முடிவு எடுத்தார். இந்த வீட்டில் இனி எடை மெஷின் கூடாது.

குப்பையில் போட மனசு வரவில்லை. காலையில் துண்டில் சுற்றி, அலுவலகப் பைக்குள் திணித்து எடுத்துப்போனார். இரண்டாவது மாடி ஏறும்போது மறுபடியும் படிக்கட்டு சாய்ந்தது. அவர் உட்கார்ந்தார், பை உருண்டது, மெஷின் வெளியே வந்து, படிப்படியாக இறங்கி, மேலாளரின் காலடியில் போய் நின்றது.

எடை முத்திரை அலுவலகத்தில் கீழே விழுந்த மெஷினை யாரும் சும்மா எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். சோதனை மேஜைக்குக் கொண்டுபோய் முத்திரை எடைகளை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். கூட்டம் கூடிவிட்டது.

"தராசு சார்" என்றார் மேலாளர். "மூணு கிலோ குறைச்சுக் காட்டுது. உள்ள திருகியிருக்காங்க. கைதேர்ந்த ஆள் செஞ்ச வேலை. எந்தக் கடையில பிடிச்சீங்க?"

இருபத்தெட்டு வருடம் ஒரு பொய் சொல்லாத வாய். "எங்க வீட்ல" என்றது.

"வீட்லயா? யார் திருகினது?"

"நான்தான் சார். பொண்ணுக்காக." தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். முத்திரை எடைகள்கூட அவரைத் திரும்பிப் பார்ப்பது போலிருந்தது.

மேலாளர் நீண்ட நேரம் யோசித்தார். பிறகு சோதனைக்காக என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு மெஷின் மேல் ஏறினார். முள்ளைப் பார்த்தார். அவருடைய முகத்தில் இத்தனை வருடத்தில் யாரும் பார்த்திராத ஒரு வெளிச்சம் வந்தது.

"ஆதாரம். என் அறையிலேயே இருக்கட்டும்" என்றார்.

அன்று மாலை வரை அவர் அந்த ஆதாரத்தைப் பதினோரு தடவை பரிசீலித்தார். மதியத்துக்குள் கணக்குப் பிரிவிலிருந்து, பதிவறையிலிருந்து, பக்கத்துக் கட்டடத்திலிருந்தெல்லாம் ஆட்கள் ஆதாரத்தைப் பார்வையிட வரிசையில் நின்றார்கள். தராசிடம் விளக்கக் கடிதம் மட்டும் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். இருபத்தெட்டு வருட நேர்மையில் முதல் கறை. போகட்டும், பெண் பிழைத்தால் போதும் என்று அவர் தேற்றிக்கொண்டார்.

வீட்டில் பெண் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அப்பா, மெஷின் எங்க?"

"இனிமே இந்த வீட்ல அது கிடையாதும்மா."

"ஏன் எடுத்தீங்க? இனிமே எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியவே வேண்டாம் கண்ணு. எடைங்கறது வெறும் நம்பர்."

மகள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். உதடு துடித்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே விசும்பல் கேட்டது. பத்து அறிகுறியில் ஆறாவது, காரணமில்லாத அழுகை. தராசு கட்டுரையை எடுத்து அதற்கும் டிக் அடித்தார்.

இனி ஒரே ஆயுதம்தான் பாக்கி. இரவு மேஜையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அறிவித்தார்: "நீ ஒழுங்கா சாப்பிடற வரைக்கும் நானும் சாப்பிடப் போறதில்ல."

"ஐயோ, சாப்பிடாம இருக்க இது ஒரு நல்ல சாக்கு" என்றாள் மனைவி.

மகள் நிமிர்ந்தாள். "நான் சாப்பிட்டா நீங்க சாப்பிடுவீங்களா?"

"சாப்பிடுவேன்."

"நிஜமா?"

"தராசு சொன்னா சொன்னதுதான்."

அவ்வளவுதான். பெண் ரொட்டிக் கூடையைத் தன் பக்கம் இழுத்தாள். ஆறு ரொட்டி. நான்கு முட்டை. ஒரு கிண்ணம் சூப். மிச்சமிருந்த கேக்கில் பாதி. மூச்சு வாங்காமல், கண் இமைக்காமல், அப்பாவையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். கடைசித் துணுக்கையும் விழுங்கிவிட்டு, ஒரு தட்டில் இரண்டு ரொட்டியும் முட்டையும் வைத்து அவர் முன்னால் நகர்த்தினாள்.

"இப்ப நீங்க."

தராசு ரொட்டியைக் கையில் எடுத்தார். பிய்த்தார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முதல் வரிசையில் நிற்கும் வயிறு கண்முன்னால் வந்தது. ரொட்டியைத் திரும்ப வைத்தார்.

"வயிறு ஒரு மாதிரியா இருக்கும்மா. காலைல சாப்பிடறேன்."

மகள் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அறிகுறி எட்டு: பட்டினிக்குப் பிறகு திடீரென்று ஏராளமாக உண்பது. நிலைமை கை மீறிப் போய்விட்டது. பெண்ணை இழந்துவிடுவோமோ என்று அன்றைக்கு நிஜமாகவே பயந்தார். அந்தப் பயத்தில் மட்டும் எந்தக் கேலியும் இல்லை.

காலையில் மகள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் அந்த நோட்டு.

"அப்பா, ஒண்ணு சொல்வேன். கோபப்படக் கூடாது."

"சொல்லும்மா."

"எங்க ஸ்கூல் கவுன்சிலர்கிட்ட பேசினேன். சாப்பாட்டுப் பிரச்சினைக்குன்னே ஒரு டாக்டர் அம்மா இருக்காங்களாம். அவங்ககிட்ட இன்னைக்கு நாலு மணிக்கு நேரம் வாங்கியிருக்கேன். நீங்க வருவீங்களா?"

தராசு அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். தானாகவே ஒத்துக்கொண்டுவிட்டாள். கத்தவில்லை, மறைக்கவில்லை. எத்தனை பெரியவர்களுக்கு இந்தத் துணிச்சல் வரும்?

"வராம? இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்லம்மா. வெளிய சொல்லிட்டாலே பாதி சரியான மாதிரி."

"நிஜமா அப்படித்தான் நினைக்கிறீங்களா?" மகளின் முகம் மலர்ந்தது. அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். குண்டு எறிகிற பெண். அவர் தோள் எலும்பு நொறுங்காமல் தப்பியது அதிர்ஷ்டம்.

கிளம்பும்போது மனைவி அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். "தைரியமா போயிட்டு வாங்க."

"நான் தைரியமாத்தான் இருக்கேன். அவளுக்குச் சொல்லு."

மருத்துவமனைக் கண்ணாடிக் கதவில் தன் உருவம் தெரிந்ததும் தராசு வயிற்றை எக்கிக்கொண்டார். மகள் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். காத்திருக்கும் கூடத்தில் வேறு யாரும் இல்லை. மகளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த பேச்சை ஆரம்பித்தார்.

"இங்க பாரும்மா. யாரோ சிரிச்சாங்கன்னு நம்ம உடம்பை நாமளே எதிரியா நினைக்கக் கூடாது. சாப்பிடாம இருக்கறது பெரிய சாதனை இல்ல. வீட்ல இருக்கறவங்க எவ்வளவு பயந்துபோயிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாத்தியா? கூச்சப்படாம டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லணும். சரியா?"

மகளின் கண்கள் நிறைந்துவிட்டன. "இதை அப்படியே உள்ள போய்ச் சொல்லுங்கப்பா."

"சொல்றேன்."

வரவேற்பு மேஜையில் இருந்த அம்மாள் கண்ணாடியை மூக்குக்கு ஏற்றிக்கொண்டு ஒரு கோப்பைத் திறந்தார். மேலே அந்த நோட்டின் பக்கங்களை நகலெடுத்துக் குத்தியிருந்தது. படிவத்தை அவர் பக்கம் திருப்பி, பேனாவைக் கொடுத்தார். தராசு நிமிர்ந்து நின்று, இருபத்தெட்டு வருடம் முத்திரை குத்திய கையால், கீழே 'உடன் வந்தவர்' என்று போட்டிருந்த கட்டத்தில் பேனாவை வைத்தார்.

அந்த அம்மாள் மெல்ல அவர் கையைத் தடுத்தார்.

"அந்தக் கட்டத்துல உங்க பொண்ணு போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டாங்க சார், நீங்க மேல, 'சிகிச்சைக்கு வந்தவர்'னு இருக்கு பாருங்க, அங்க போடுங்க."